நனையாத மேலங்கியும் உரிந்த தோலும்

ஒரு மேலங்கியைப் பற்றி எழுதப்போகிறேன். போரையும் தேர்தலையும் வெள்ளத்தையும் எழுதிய கை, மோட்டார் சைக்கிளோட்டிகள் அணியும் மேலங்கியைப் பற்றி எழுத வந்துவிட்டதே என்று பத்திரிகை நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். முழுவதையும் வாசித்துவிட்டு நகைக்கட்டும்.

கற்பிட்டித் தீபகற்பத்தின் வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் நெருக்க, நடுவே கிடக்கும் மணல் நிலத்தின் பெயர் உச்சமுனை. கற்பிட்டியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படகேறித்தான் அங்கு போகவேண்டும். மீனவர்கள் வாடி அமைத்துத் தங்கும் இடம். என் தங்கையின் மகனுக்கும் அங்கே ஒரு வாடி உண்டு. கருவாட்டைப் படகில் கற்பிட்டிக்குக் கொணர்ந்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, நுரைச்சோலை, பாலாவி வழியாகப் புத்தளத்துக்குக் கொண்டுபோவான். வாரத்தில் மூன்று நாட்கள் அதுவே அவனுடைய பாதை.

ரொறன்ரோவில் வசிக்கும் அவனுடைய அக்கா அவனுக்கு ஒரு மேலங்கி அனுப்பியிருந்தாள். அவள் பனிக்காலத்தில் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. கறுப்பு நிறம், நல்ல கனம், ஏழெட்டுப் பைகள், உள்ளே கழற்றி மாட்டக்கூடிய குளிர்கால உறை வேறு. அதிலே தொங்கிய அட்டையில், பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்துபோகும் ஒருவனின் படம். நூறு வீதம் நீர் புகாதது, நான்கு பருவங்களுக்கும் ஏற்றது, சாகசப் பயணிகளுக்கானது என்று மூன்று வாக்குறுதிகள்.

நான் வாடிக்குப் போயிருந்தபோது அந்த மேலங்கி கிடுகு வேலியில் அடித்த ஆணியொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் தம்பி, போடுறதில்லையோ?” என்று கேட்டேன்.

“போடலாம் மாமா. ஆனா இதைப் போட்டுக்கொண்டு ஓடினா பாலாவிச் சந்திக்குப் போய்ச் சேர முன்னம் அவிஞ்சு போவன். மழைக்கெண்டு வைச்சிருக்கிறன்” என்றான்.

பெப்ரவரி மாத முற்பகல் ஒன்றில் அவன் விழுந்தான். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. காற்று அள்ளிவந்து தெருவோரத்தில் கொட்டியிருந்த மணலில் முன்சில்லு வழுக்கியது. வேகம் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் இல்லை என்கிறான். தலைக்கவசம் தலையைக் காத்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அரைக்கைச் சட்டை அணிந்திருந்த அவனுடைய வலக்கையில், மணிக்கட்டிலிருந்து தோள் வரை தோல் இல்லை. காயத்துக்குள் புதைந்திருந்த மணலையும் கல்லையும் தாதியர் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்ததை அருகில் நின்று பார்த்தவன் நான்.

உரிந்த தோல்தானே, வளர்ந்துவிடும் என்பீர்கள். வளர்ந்தது. ஆனால் மீனவனுடைய தோல் அது. உப்புநீர் படாமல் கடலில் எந்த வேலையும் இல்லை. ஐந்து வாரம் அவன் வலையைத் தொடவில்லை. அந்தப் பருவத்தின் நல்ல நாட்கள் அத்தோடு போயின. வாடிக்கு வாங்கிய கடன் மட்டும் போகவில்லை.

அந்த மேலங்கி தன் முதலாவது வாக்கைக் காப்பாற்றியது. ஒரு துளியும் நனையவில்லை. ஆணியில் தொங்குவது எப்படி நனையும்?

நிற்க. இந்தக் கட்டுரையில் நான் வேண்டுமென்றே மேலங்கி என்று எழுதுகிறேன். ஜக்கெட் என்று எழுதினால் தமிழகத்து வாசகர்கள் சேலையோடு அணியும் இரவிக்கையை நினைத்துக்கொள்வார்கள். சொல்லில் இருக்கும் இந்தக் குழப்பம் சிறியது, திருத்திக்கொள்ளலாம். பொருளில் இருக்கும் குழப்பமே பெரியது. மோட்டார் சைக்கிள் மேலங்கி என்றவுடன் நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘மழை உள்ளே போகுமா?’ என்பதுதான். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்கப்படவேண்டிய கேள்வி என்பதே என் வாதம். அதை முதற் கேள்வியாக்கியவர்கள் சாகசத்தை விற்கும் வியாபாரிகள். அந்தப் பொறியில் விரும்பி விழுந்தவர்கள் நாம்.

முதற் கேள்வி எது? விழுந்தால் இது என் தோலையும் மூட்டையும் காக்குமா என்பது. இரண்டாவது, என் ஊர் வெயிலில் இதை நாள்தோறும் அணிய என்னால் முடியுமா என்பது. இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்த பிறகு மழையைப் பற்றிப் பேசலாம்.

இது என் கற்பனை அன்று. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரின் தலைமையில் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஏறக்குறைய 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நேரில் ஆராயப்பட்டு, 1981இல் அறிக்கை வெளிவந்தது. அவற்றில் 98 வீதமானவற்றில் வானிலைக்குப் பங்கே இல்லை என்று அந்த அறிக்கை கூறுகிறது. லொஸ் ஏஞ்சலிஸ் மழை குறைந்த ஊராயிற்றே என்று யாராவது மறுக்கலாம். நல்லது, கற்பிட்டியும் உலர்வலயந்தான். அங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. எஞ்சிய மாதங்களில் பெரும்பாலும் வெயில், காற்று, மணல், உப்பு. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு: மோதும் கணத்தில் அந்த வாகனங்களின் இடைநிலை வேகம் மணிக்கு 21.5 மைல். அதாவது 35 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. மெதுவாகத்தானே ஓடுகிறேன் என்று சட்டையோடு புறப்படுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மேலங்கி அணிந்தால் உயிர் பிழைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. லொறியோடு மோதினால் எந்தத் துணியும் காப்பாற்றாது. கனமான உடை குறைப்பது சிராய்ப்பையும் கிழிகாயத்தையுமே என்றும், அவை அடிக்கடி நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தாவது அரிது என்றும் ஹேர்ட் அறிக்கையே கூறுகிறது. ஆனால் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனுக்கு ஐந்து வாரம் என்பது சிறிய காயமா? மாதச் சம்பளக்காரரின் அளவுகோலால் அதை அளக்கலாகாது.

அவுஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிளோட்டிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட மேலங்கியை அணிந்தவர்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு, அணியாதவர்களைவிடக் குறைவு. மகிழ்ச்சி. ஆனால் அதே ஆய்வில், விபத்தில் அகப்பட்ட அத்தகைய மேலங்கிகளில் 29.7 வீதமானவை கிழிந்தோ தேய்ந்தோ தையல் பிரிந்தோ செயலிழந்திருந்தன. பத்தில் ஏறக்குறைய மூன்று! காசு கொடுத்து வாங்கிய, மோட்டார் சைக்கிளுக்கென்று பெயர் சூட்டி விற்கப்பட்ட மேலங்கிகளின் நிலை இது. அந்தக் கட்டுரையின் தலைப்பே, இந்த உடை காயத்திலிருந்து காக்கிறதா, அல்லது வானிலையிலிருந்து மட்டுந்தானா என்று கேட்கிறது. என் கேள்வியும் அதுதான்.

இனி மழைக்கு வருவோம். நீர் புகாதது, ஆனால் வியர்வையை வெளியே விடுவது என்று பெருமை பேசுகிறார்களே, அது எப்படி நடக்கிறது? மேலங்கியின் துணிக்குள் ஒரு மென்படலம் இருக்கிறது. அதன் நுண்துளைகள் நீர்த்துளியைவிடப் பன்மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூற்றைவிடப் பெரியவை. ஆகவே மழைத்துளி உள்ளே வராது. வியர்வை ஆவியாகி வெளியே போகும். 1969இல் பொப் கோர் கண்டுபிடித்த கோர்-டெக்ஸ் இவற்றுள் புகழ்பெற்றது. இது பொய்யில்லை, நல்ல அறிவியல். ஆனால் விற்பனையாளர் சொல்லாமல் விடும் ஒரு நிபந்தனை இருக்கிறது. உள்ளே நீராவியின் அமுக்கம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். ஐந்து பாகை செல்சியஸ் குளிரில் அந்த வேறுபாடு பெரிது. 32 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நம் கரையோரத்தில் கணக்கிட்டுப் பார்த்தால், அது ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஒஸ்லோவில் மூச்சுவிடும் மேலங்கி புத்தளத்தில் மூச்சுத் திணறுகிறது. உள்ளே வியர்வையில் ஊறி, வெளியே மழையில் நனையாமல் போய்ச் சேர்வதால் யாருக்கு என்ன பயன்?

படலத்தை வைக்கும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. சிலவற்றில் அது புறத்துணியோடே ஒட்டப்பட்டிருக்கும். மழை மேலேயே வழிந்துவிடும், விரைவில் உலரும், விலையோ கூடுதல். இன்னும் சிலவற்றில் படலம் புறத்துணிக்கும் உட்துணிக்கும் இடையில் தனியே தொங்கும். இதில் உடம்பு நனையாது, ஆனால் புறத்துணி நீரைக் குடித்துக் கனத்துப்போகும். மறுநாளும் ஈரம் காயாது. காற்று வருவதற்கென்று வைத்த சிப்பைத் திறந்தால், காற்று படலத்தில் முட்டி அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது வகையில் படலம் கழற்றி மாட்டும் உறையாக இருக்கும். மழை தொடங்கியதும் தெருவோரத்தில் நின்று, மேலங்கியைக் கழற்றி, உறையை உள்ளே பூட்டி, மறுபடி அணியவேண்டும். அதற்குள் நனைந்து முடிந்துவிடும். இந்த மூன்றையும் கடைக்காரர் ஒரே சொல்லால் அழைக்கிறார்: நீர் புகாதது!

எனவே, நம் வெப்பக் கரையோரத்தில் ஓடுபவருக்கு என் பரிந்துரை எளியது. காற்றை உள்ளே விடும் வலைத்துணியும், விழும்போது நிலத்தில் படும் தோள், முழங்கை ஆகிய இடங்களில் உறுதியான தடித்த துணியும் கொண்ட மேலங்கி ஒன்று. அதன் மேல் அணிவதற்கு, சற்றுத் தளர்வான சாதாரண மழைக்கோட்டு ஒன்று. மழைக்கோட்டைச் சுருட்டி இருக்கையின் கீழோ பின்னாலோ கட்டிக்கொள்ளலாம். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே நிறுத்தி அணியலாம். கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம். நீர் புகாத சாகச மேலங்கியின் விலைக்கு இவ்விரண்டையும் வாங்கி, கையுறையும் வாங்கிவிடலாம்.

வலைத்துணி என்றால் எல்லாம் நல்லவை என்றும் எண்ணிவிடாதீர்கள். மெல்லிய வலை தார்த் தெருவில் நொடியில் தேய்ந்துபோகும். வாங்கும்போது உட்பக்கத்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016/425 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ், மோட்டார் சைக்கிளோட்டியைக் காக்கும் உடை என்று விற்பதற்குச் சோதனையும் சான்றும் வேண்டும். ஈ.என். 17092 என்ற தரத்தின்படி உடைகள் ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுக்கப்படுகின்றன. ஏஏஏ மிக வலியது. நம் வெயிலுக்கு ஏஏ கிடைத்தால் சிறப்பு. ஏ தரமாயினும் சட்டையைவிட நூறு மடங்கு மேல். தோளிலும் முழங்கையிலும் உள்ள காப்புத் திண்டுகளுக்கு ஈ.என். 1621-1 என்ற தனித் தரம் உண்டு. அடி விழும்போது முதலாம் நிலைத் திண்டு சராசரியாக 35 கிலோநியூட்டன் விசையை உடலுக்குக் கடத்தலாம். இரண்டாம் நிலைத் திண்டு 20ஐத் தாண்டலாகாது. எண்ணே வேறுபாட்டைச் சொல்கிறது. முதுகுப் பையைத் திறந்து பார்க்கவும் மறவாதீர்கள். பல மேலங்கிகளில் அங்கே இருப்பது வெறும் பஞ்சுத் தகடு. அது காப்பு அன்று. இடத்தை நிரப்ப வைத்த பண்டம்.

அணிந்து பார்க்கும்போது கண்ணாடி முன் நின்று அழகு பார்க்காதீர்கள். கதிரையில் அமர்ந்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள். முழங்கைத் திண்டு முழங்கையிலேயே இருக்கிறதா? யாரையாவது கைமடிப்பைப் பிடித்துத் திருகச் சொல்லுங்கள். திண்டு சுழன்று போனால், விழும்போதும் அப்படித்தான் போகும். அக்காமாரும் அண்ணன்மாரும், வளர்ந்துவிடுவான் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கி அனுப்புவது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கரையோரத்தில் உலோகச் சிப் உப்பில் இறுகிப்போகும். பிளாஸ்டிக் பல் வைத்ததே நன்று. வாரமொருமுறை நன்னீரில் அலசினால் உப்பு படியாது.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் செய்யப்பட்டு 2004இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றின்படி, ஒளிரும் அல்லது ஒளியைத் தெறிக்கும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காயத்தின் ஆபத்து 37 வீதம் குறைவு. சாகச மேலங்கிகளோ பெரும்பாலும் கறுப்பு, அல்லது மண்ணின் நிறம். மற்ற வாகனக்காரரின் கண்ணுக்குத் தெரியாதிருப்பதில் என்ன சாகசமோ! மஞ்சள் நிற மழைக்கோட்டை அணிந்த மீன் வியாபாரி இந்த விடயத்தில் அந்தப் படத்துப் பயணியைவிடப் புத்திசாலி.

நான் ஒருபக்கமாகப் பேசுவதாகக் குற்றஞ்சாட்ட வேண்டாம். நுவரெலியா மலையேறி ஓடுபவருக்கும், நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் குளிர்மழையில் ஓடும் நம் பிள்ளைகளுக்கும், படலம் ஒட்டிய நீர் புகாத மேலங்கி தக்கதுதான். அங்கே குளிர் விறைத்த கை பிரேக்கைப் பிடிக்காது. ஆகவே நனையாமையும் பாதுகாப்பே. என் சினம் மேலங்கியின் மீதன்று. பனிநாட்டுக்குச் செய்த ஒன்றை நான்கு பருவங்களுக்கும் ஏற்றது என்று வெயில்நாட்டுக்கு விற்கும் பொய்யின் மீதே.

அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018இல் மோட்டோகப் என்ற திட்டத்தைத் தொடங்கின. கடைகளில் மேலங்கிகளைத் தாங்களே வாங்கி, ஆய்வுகூடத்தில் தேய்த்தும் அடித்தும் பார்த்து, காப்புக்கு ஒன்றும் வெப்பத்தைத் தாங்க விடுவதற்கு ஒன்றுமாகத் தனித்தனியே நட்சத்திரம் கொடுக்கிறார்கள். எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம். வெப்பத்தை அளவுகோலாக வைத்தார்களே, அதுதான் அறிவு. அணிய முடியாத காப்பு காப்பன்று என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் மடிகின்றனர். தலைக்கவசத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. போக்குவரத்துப் பொலிஸார் மறித்துப் பார்க்கின்றனர். நல்லது. கழுத்துக்குக் கீழே உடம்பு என்று ஒன்று இருப்பது எவருடைய நினைவிலும் இல்லை. மேலங்கியையும் கட்டாயமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழையின் மீது இன்னொரு தண்டப்பணத்தைச் சுமத்துவதற்கு என் பேனா துணைபோகாது. நான் கேட்பது இரண்டு. சோதனையில் தேறிய காப்பு உடைக்கும் தேறாத அலங்கார உடைக்கும் வேறுபாடு காட்டும் தரக்குறியீடு ஒன்று வரட்டும். தேறியதன் மீதான வரி குறையட்டும்.

இதிலே நம்மைச் சுடவேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. 1978இல் கட்டுநாயக்கவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டதிலிருந்து, இந்த நாட்டுப் பெண்கள் உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் அணியும் நுட்பமான உடைகள் இங்கே தைக்கப்படுகின்றன. அந்தக் கைகளால் உச்சமுனைக்காரனுக்கு ஒரு வலைத்துணி மேலங்கியைத் தைக்க முடியாதா? முடியும். அவனை எவரும் வாடிக்கையாளனாக எண்ணவில்லை; அவ்வளவுதான். கற்பிட்டிக்குப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கவும் டொல்பின் பார்க்கவும் வரும் வெளிநாட்டவர் சாகசப் பயணி. விடியற்காலையில் கருவாட்டு மூட்டையோடு மணல் கொட்டிய தெருவில் ஓடுபவன் வெறும் கருவாட்டுக்காரன். சாகசம் யாருடையது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசியாக, கடல் கடந்து வாழும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்கு மேலங்கி அனுப்பும்போது உங்கள் ஊர்க் குளிரை நினைத்து வாங்காதீர்கள். அவன் ஊர் வெயிலை நினைத்து வாங்குங்கள். மார்பளவையும் கையின் நீளத்தையும் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பு வேண்டாம். காசு குறைவாகத்தான் செலவாகும். அதனால் அன்பு குறைந்துவிடாது.

மருமகனுடைய கை ஆறிவிட்டது. முழங்கைக்குக் கீழே புதுத்தோல் இன்னும் இளஞ்சிவப்பாக மினுங்குகிறது. கொழும்பில் தேடி, சாம்பல் நிறத்தில் வலைத்துணி மேலங்கி ஒன்றும் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, “போடுறியோ தம்பி?” என்று கேட்டேன்.

“போட்டுக்கொண்டுதான் நிக்கிறன் மாமா. காத்து உள்ளுக்க வருது” என்றான்.

அக்கா அனுப்பியது இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அவளிடம் இதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் எழுதிவிட்டேன். பிள்ளை, வாசித்தால் மாமாவோடு கோபிக்காதே.